காது நரம்புக் கட்டியும் கதிர்வீச்சு சிகிச்சையும்: என் அனுபவம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை உங்களில் பாதிப்பேருக்கு மேல் தெரியும். பதினாறு வருஷமாகக் குழுவில் இருக்கிறேன். ஊக்குநராக இருக்கிறேன். வீட்டில் தையல் மெஷின் வைத்து, பள்ளிக்கூட யூனிபார்ம், பிளவுஸ் தைக்கிறேன். மேடையில் மைக் பிடித்துக் கடன் கணக்கு சொல்லியிருக்கிறேன், பேங்க் மேனேஜரிடம் வாதாடியிருக்கிறேன். என் உடம்பைப் பற்றிப் பேசியதில்லை. செயலாளர் அக்காதான், "மலருக்கு நீ உன் காதைப் பத்திப் பேசு, நாலு பேருக்கு ஆகும்"னு சொன்னார்கள். அதனால் பேசுகிறேன்.

எனக்கு இடது காது நரம்பில் ஒரு கட்டி. இப்பவும் உள்ளேதான் இருக்கு. புற்றுநோய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன்னா பாதி ஊருக்கு இன்னும் அந்தச் சந்தேகம் இருக்கு.

ஆரம்பம் 2017. தைக்கும்போது போனை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுவது என் வழக்கம். வலது கை துணியைத் தள்ளும், இடது கை பிடிக்கும். ஒருநாள் பேசுகிறவர்கள் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. சத்தம் கேட்குது, வார்த்தை புரியலை. போன்தான் கெட்டுப்போச்சுன்னு கடையில் கொடுத்தேன். பையன் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேக்கா இருக்கு"ன்னான். நம்பவில்லை. 1,200 ரூபாய்க்கு வேற போன் வாங்கினேன். அதுவும் அப்படியே. ஒரு மாசம் கழித்து யதேச்சையாக வலது காதில் வைத்தேன். கணீர்னு கேட்குது. அப்பத்தான் கோளாறு போனில் இல்லை, எனக்குள்ளே இருக்குன்னு தெரிந்தது. அந்த 1,200 ரூபாயை இன்னும் எங்க வீட்டுக்காரர் சொல்லிக்காட்டுவார்.

காது கேட்கலைன்னா நம்ம வீடுகளில் என்ன செய்வார்கள்? அத்தை பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். பக்கத்து வீட்டில் வெற்றிலைச் சாறு சொன்னார்கள். எல்லாம் ஊற்றினேன். டவுனில் ஒரு டாக்டரிடம் போனேன். அழுக்குன்னு சொல்லிச் சுத்தம் செய்தார். மறுபடியும் போனேன். சளின்னு மாத்திரை கொடுத்தார். ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. கூடவே காதுக்குள் ஒரு இரைச்சல், பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் புஸ்ஸுன்னு வருமே, அது மாதிரி. ராத்திரியில் எல்லாரும் தூங்கின பிறகு அது மட்டும் என்னோட முழித்திருக்கும். இருட்டில் கொல்லைப்பக்கம் போனால் கால் ஒரு பக்கமாக இழுக்கும்.

இதில் எனக்கு நோயை விடப் பெரிய வருத்தம் குழுவில் வந்தது. ஒரு கூட்டத்தில் என் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தங்கச்சி, பிள்ளைக்கு காலேஜ் பீஸ் கட்ட உள்கடன் வேணும்னு என்னிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறாள். எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்க வெட்கம். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவையும் கேட்டிருக்கிறாள். நான் மறுபக்கம் பேசிக்கொண்டிருந்தேன். "ஊக்குநர்னா அவ்வளவு திமிரா"ன்னு எழுந்து போனவள் இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்பைத் திருப்பிக் கொடுங்கன்னு ஆள் விட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் என்னிடம் பேசினாள்ங்கிறதே எனக்குத் தெரியாது.

2018 கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனேன். அங்கேதான் முதல் தடவையாக முறையாகக் காதைச் சோதித்தார்கள். சத்தம் வராத சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். ஆடியோகிராம்னு பேர். காகிதத்தில் இரண்டு கோடு வந்தது. வலது கோடு மேலே. இடது கோடு மலையிறக்கம் மாதிரி கீழே போகுது. அந்தப் பயிற்சி டாக்டர் பொண்ணு, "ரெண்டு காதும் சேர்ந்து குறைஞ்சா வயசு, சத்தம்னு சொல்லலாம்மா. ஒரு காது மட்டும் இப்படிக் குறைஞ்சா ஏன்னு பார்க்காம விடக்கூடாது"ன்னு சொல்லி, கையில் மருந்து ஏற்றி எம்ஆர்ஐ எடுக்க எழுதிக்கொடுத்தது. அந்தப் பொண்ணுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஸ்கேன் கூட்டம் அதிகமாக இருந்ததால் வெளியே தனியாரில் எடுத்தோம். அங்கேயே ரிப்போர்ட்டைப் பார்த்த ஒரு டாக்டர், "மூளையில கட்டி. உடனே ஆபரேஷன் பண்ணணும். நாலரை லட்சம் ஆகும். இந்த வாரத்துக்குள்ள சொல்லுங்க"ன்னார். வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தோம்னு நினைவில்லை. எங்க வீட்டுக்காரர் அன்றைக்கு ராத்திரியே மகளுக்குச் சேர்த்து வைத்திருந்த நகையை எடுத்து வெளியே வைத்தார். மிச்சப் பணத்துக்கு மார்க்கெட்டில் வட்டிக்கு விடுகிறவரிடம் பேசிவிட்டு வந்தார். நூற்றுக்கு அஞ்சு ரூபாய் வட்டி. கந்து வட்டியில் மாட்டின வீடுகளின் கதை நமக்குத் தெரியும், அதிலிருந்து வெளியே வரத்தானே குழுவே ஆரம்பித்தோம். ஆனா உயிர்னு வந்துட்டா அந்தக் கணக்கெல்லாம் மனசில் நிற்காது.

காலையில் எங்க குழுப் பொருளாளர் அக்கா வந்தார்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவர்கள். எல்லாத்தையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்கள்: "ஏத்தா, அந்தக் கட்டி எத்தனை நாளா இருக்குன்னு கேட்டியா?" நான் கேட்கவில்லை. எவ்வளவு பெரிசுன்னும் கேட்கவில்லை. "அப்போ இந்த வாரமே பண்ணணும்னு எதை வச்சுச் சொன்னாரு?"ன்னார்கள்.

ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அந்த அக்காவோடு திரும்ப மருத்துவக் கல்லூரிக்கே போனேன். நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்த பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, எங்க இரண்டு பேருக்கும் அரைமணி நேரம் விளக்கினார். அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி உங்களுக்குச் சொல்கிறேன்.

காதிலிருந்து மூளைக்கு ஒரு நரம்பு போகுது. அதில் ஒரு கிளை சத்தத்தைக் கொண்டு போகும், இன்னொரு கிளை நாம் விழாமல் நிற்பதற்கான சேதியைக் கொண்டு போகும். மின்சார வயர் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிற மாதிரி நரம்புக்கு மேலும் உறை இருக்கு. அந்த உறையில் இருக்கும் செல்கள் சிலருக்குத் தாறுமாறாகப் பெருகிக் கட்டியாகிவிடும். பெரும்பாலும் அந்த நிற்கிற கிளையில்தான் ஆரம்பிக்கும், பக்கத்தில் இருக்கும் கேட்கிற கிளையை நெருக்கும். அதனால் இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கிற பேர் வெஸ்டிபுலர் ஷ்வானோமா. பழைய பேர் அகூஸ்டிக் நியூரோமா. மூளைக்குள் வளருகிற கட்டி இல்லை, மூளைக்கு வெளியே நரம்பின் மேல் வளருவது. உடம்பில் வேறு இடத்துக்குப் பரவாது. லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருத்தர் இரண்டு பேருக்குக் கண்டுபிடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் வருமான்னு கேட்டேன். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பெரும்பாலும் பரம்பரை இல்லை. இரண்டு காதிலும் வந்தால் அது வேறு, குடும்பத்தில் எல்லாரையும் பார்க்கணும்னார்.

அப்புறம் அளவு. என் கட்டி அன்றைக்கு 12 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பட்டன் அளவுன்னு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அப்படித்தான் மனசில் நின்றது. "எத்தனை நாளா சார் இருக்கு?"ன்னு பொருளாளர் அக்கா கேட்டார்கள். "பல வருஷமா இருக்கும்மா. இது ரொம்ப மெதுவா வளரும், வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர். நிறையப் பேருக்கு வளராமலே நின்னுடும்"னார். வளர்ந்து 3 சென்டிமீட்டரைத் தாண்டி மூளைத்தண்டை அமுக்கினாலோ, தலைக்குள் நீர் தேங்கினாலோதான் அவசரம். அதற்கு ஆபரேஷன்தான், அதைத் தள்ளிப்போடக் கூடாது. என்னுடையது அப்படி இல்லை. ஆறு மாசம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, வளர்ந்தால் யோசிக்கலாம்னார்.

அன்றைக்குச் சாயங்காலமே எங்க வீட்டுக்காரர் வட்டிக்காரரிடம் போய் வேண்டாம்னு சொல்லிவிட்டு வந்தார். நகை திரும்பப் பெட்டிக்குள் போனது.

பெரிய டாக்டர் வேண்டாம்னு சொன்னது ஆபரேஷனே தப்புங்கிற அர்த்தத்தில் இல்லை. பெரிய கட்டிக்கு அதுதான் உயிரைக் காப்பாற்றுவது. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆபரேஷனில் பிழைப்பதே கஷ்டம், இன்றைக்குத் திறமையான கைகளில் நன்றாகவே செய்கிறார்கள். ஆனா முகத்தை அசைக்கிற நரம்பும் இதே எலும்புக் குழாய் வழியாகத்தான் வருது. கட்டியை எடுக்கும்போது அதற்கு அடிபட்டால் வாய் கோணிப்போகலாம், கண்ணை மூட முடியாமல் போகலாம். அதனால் சின்னக் கட்டிக்கு அந்த ஆபத்தை ஏன் எடுக்கணும்ங்கிறதுதான் கேள்வி.

ஆறு மாசத்தில் 13, ஒரு வருஷத்தில் 15 மில்லிமீட்டர். வளருதுன்னு தெரிந்துபோச்சு. இப்ப மூணு வழி: இன்னும் பார்த்துக்கொண்டே இருப்பது, ஆபரேஷன், கதிர்வீச்சு. "உன் அளவுக்குக் கதிர்வீச்சு பொருந்தும்"னு சொல்லி வெளிமாநிலத்தில் ஒரு அரசு நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்தார்.

கதிர்வீச்சுன்னதும் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. நம்ம பக்கம் அதற்குப் பேரே "கரண்ட் வைக்கிறது". கரண்ட் வைக்கிறாங்கன்னா கேன்சர்னு அர்த்தம். எங்க வீட்டுக் காபியைக் குடிக்காமல் போனவர்கள் உண்டு. மகளைப் பெண் கேட்டு வருவதாக இருந்தவர்கள் நாள் சரியில்லைன்னு நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. தெரியாது, அவ்வளவுதான். எனக்கும் தெரியாமல்தானே இருந்தது.

அது கரண்ட் இல்லை. கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்குச் செய்தது காமா நைஃப். நைஃப்னா கத்தி, ஆனா கத்தியே கிடையாது. ஸ்வீடன் நாட்டில் லார்ஸ் லெக்செல்னு ஒரு மூளை அறுவை டாக்டர், மண்டையைத் திறக்காமல் கதிரை வைத்தே உள்ளே இருப்பதைச் சரிசெய்யலாம்னு 1951-லேயே எழுதினார். 1968-ல் ஸ்டாக்ஹோமில் முதல் மெஷின் வந்தது. அடுத்த வருஷமே இந்தக் காது நரம்புக் கட்டிக்கும் பயன்படுத்திப் பார்த்தார். ஆக, புதுசா வந்து நம்ம மேல் பரிசோதனை பண்ணுகிற வைத்தியம் இல்லை இது. ஆரம்ப காலத்தில் அளவு அதிகமாகக் கொடுத்ததால் முகம் கோணியவர்கள் அதிகம் இருந்தார்கள். 1990-களில் அளவைக் குறைத்தார்கள். கட்டியும் நிற்குது, முகமும் தப்பிக்குதுன்னு கண்டார்கள்.

அந்த மெஷினுக்குள் கோபால்ட்ங்கிற பொருளை வைத்திருக்கிறார்கள். பழைய மாடலில் 201 இடத்திலிருந்து கதிர் வரும், நான் படுத்த மாடலில் 192 இடத்திலிருந்து. ஒவ்வொரு கதிரும் மெலிசானது. தலைக்குள் போகிற வழியில் ஒரு தீங்கும் பெரிசாகச் செய்யாது. ஆனா 192-ம் ஒரே புள்ளியில் வந்து சேரும்போது அங்கே மட்டும் பலமாகிவிடும். அந்தப் புள்ளியில் கட்டி இருக்கும். எனக்கு அதை விளக்கின சிஸ்டரிடம், "இது எங்க குழுச் சேமிப்பு மாதிரி சிஸ்டர், ஆளுக்கு நூறு ரூபா, சேர்ந்தா ஒருத்திக்கு மாடு வாங்குற கடன்"னு சொன்னேன். சிரித்துவிட்டார்.

கதிரை அளக்கும் கணக்குக்கு கிரேன்னு பேர், துணிக்கு மீட்டர் மாதிரி. இந்தக் கட்டிக்கு ஓரத்தில் 12, 13 கிரே விழுகிற மாதிரி ஒரே தடவையில் கொடுக்கிறார்கள். மூளைத்தண்டுக்கும், காதுக்குள் நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும் உறுப்புக்கும் எவ்வளவு குறைவாகப் போகணும்னு கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். அதற்கு டாக்டர் மட்டும் போதாது, கதிர்வீச்சுக் கணக்குப் படித்த இயற்பியல் நிபுணரும் உட்காருகிறார்.

2019 டிசம்பரில் ஒரு நாள் காலை. தலையில் ஒரு உலோகச் சட்டத்தை நாலு திருகாணி வைத்துப் பொருத்தினார்கள். முன்நெற்றியில் இரண்டு, பின்னால் இரண்டு. மரத்துப்போகிற ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள். அந்த ஊசி வலிக்கும், இல்லைன்னு சொன்னால் பொய். அப்புறம் அமுக்கம்தான், தலையை யாரோ இரண்டு கையால் இறுக்கிப் பிடித்த மாதிரி. தலை ஒரு நூல் கூட அசையக் கூடாதுங்கிறதுக்குத்தான் அது. அந்தச் சட்டத்தோடேயே எம்ஆர்ஐ எடுத்தார்கள். பிறகு அவர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் வரைக்கும் இரண்டு மூணு மணி நேரம் காத்திருந்தேன். இட்லி சாப்பிட்டேன், சட்டத்துக்கு நடுவில் வாய்க்குக் கை போக இடம் இருக்கு. மத்தியானம் மெஷினில் படுக்க வைத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. முழிச்சுத்தான் இருந்தேன். வலி இல்லை, சூடு இல்லை, சத்தம் இல்லை. உள்ளே தனியாகத்தான் இருப்போம், ஆனா மைக்கில் பேசலாம், கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு இருந்த ஒரே பயம், அவர்கள் இடது பக்கம் இருந்து பேசினால் கேட்காதேங்கிறதுதான்.

முடி எடுக்கவில்லை, முடி கொட்டவும் இல்லை. சாயங்காலம் சட்டத்தைக் கழற்றி கட்டுப் போட்டார்கள். மறுநாள் காலை ரயில் ஏறினோம். இரண்டு நாள் தலைவலி, நெற்றியில் வீக்கம். ஒரு வாரத்தில் மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். என்னைத் தொட்டால் கதிர் ஒட்டுமான்னு கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஒட்டாது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு வருகிறவர்களிடம் ஒன்றும் ஒட்டியிருப்பதில்லையே, அது போலத்தான்.

எல்லா ஊரிலும் காமா நைஃப் இருக்காது. சைபர் நைஃப், லீனியர் ஆக்சிலரேட்டர்னு வேற மெஷின்களும் இருக்கு. அதில் திருகாணி இல்லாமல் முகத்துக்குப் பிளாஸ்டிக் மாஸ்க் செய்து போடுகிறார்கள். ஒரே தடவையாகவோ மூணு அல்லது அஞ்சு தடவையாகப் பிரித்தோ கொடுப்பார்கள். சில இடத்தில் தினமும் கொஞ்சமாக அஞ்சாறு வாரம் கொடுப்பதும் உண்டு. எதுவானாலும் நோக்கம் ஒன்றுதான்.

என்கூட ஆஸ்பத்திரிக்கு யார் வந்ததுன்னு நினைக்கிறீர்கள்? வீட்டுக்காரருக்கு மூட்டை தூக்கும் வேலை, நாள் சம்பளம், போகும்போது ஒருநாள் வந்துவிட்டுத் திரும்பிவிட்டார். அஞ்சு நாள் கூடவே இருந்தது, என்னைத் திமிர்னு சொன்ன அந்தத் தங்கச்சிதான். விஷயம் தெரிந்த அன்றைக்கே அழுதுகொண்டு வந்தாள். "நான் சொன்னது உனக்குக் கேட்கவே இல்லையா அக்கா"ன்னாள். இல்லைன்னேன். இப்ப அவளும் பந்தலில் இருக்கிறாள், நான் யார்னு கை காட்ட மாட்டேன்.

பணம்: கட்டணத்தில் வருமானச் சான்று, குடும்ப அட்டை காட்டினதால் சலுகை கிடைத்தது. மிச்சத்துக்கும், போக்குவரத்து, தங்கலுக்கும் குழு கூடித் தீர்மானம் போட்டு 40,000 ரூபாய் கடன் கொடுத்தது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. இரண்டு வருஷத்தில் அடைத்தேன். தில்லி எய்ம்ஸ், பெங்களூர் நிம்ஹான்ஸ், சண்டிகர் பிஜிஐ போன்ற அரசு நிறுவனங்களிலும் காமா நைஃப் இருக்கு. தனியாரில் மட்டும்தான்னு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம்ம முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இப்போது ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. ஆனா எந்தச் சிகிச்சை, எந்த ஆஸ்பத்திரின்னு பட்டியல் வைத்திருக்கிறார்கள். முன் அனுமதி வாங்கணும். சிகிச்சை முடிந்த பிறகு அட்டையைக் காட்டினால் பிரயோஜனம் இல்லை. ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்குன்னு இருக்கும் மேஜையில் முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால் 104-க்குப் போன் பண்ணிக் கேட்கலாம்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கதிர்வீச்சு கட்டியை எடுக்காது. கரைத்தும் விடாது. கட்டியின் செல்கள் இனிமேல் பெருகமுடியாதபடி பண்ணிவிடும், அதற்குச் சோறு போடுகிற சின்ன ரத்தக்குழாய்களையும் மெல்ல அடைத்துவிடும். நூறு பேரில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டி வளராமல் நின்றுவிடுது. போன காது திரும்பி வராது. இரைச்சலும் போகும்னு உத்தரவாதம் இல்லை. "கரண்ட் வச்சா காது கேக்கும்"னு யாராவது சொன்னால் அது பொய் வாக்குறுதி.

இன்னொன்று, கதிர் கொடுத்த பிறகு முதல் ஆறு மாசம், ஒன்றரை வருஷத்துக்குள் கட்டி வீங்கி, பெரிசான மாதிரி தெரியலாம். எனக்கு ஆறாம் மாச ஸ்கேன் கொரோனாவால் எடுக்க முடியவில்லை. 2020 கடைசியில் எடுத்தோம். 17 மில்லிமீட்டர்! உள்ளூரில் பார்த்த ஒரு டாக்டர், "கதிர்வீச்சு தோத்துப்போச்சு, உடனே ஆபரேஷன்"னார். மறுபடியும் அதே வார்த்தை, உடனே. வயிறு கலங்கியது. சிகிச்சை செய்த இடத்துக்குப் படத்தை அனுப்பினோம். அவர்கள் பார்த்துவிட்டு, கட்டிக்கு நடுவில் கறுத்திருக்கு, உள்ளே செத்துக்கொண்டிருக்கிற அடையாளம், வீக்கம் வடியும், பொறுங்கன்னார்கள். தள்ளாட்டம் அந்தச் சமயம் அதிகம் இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள், நேர்கோட்டில் நடக்கிற பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். 2022-ல் 14. போன வருஷம் 12. நான் ஆரம்பித்த இடத்துக்கே வந்திருக்கு. அன்றைக்கு அவசரப்பட்டு ஆபரேஷனுக்குப் போயிருந்தால், கதிர் பட்ட கட்டி நரம்போடு ஒட்டிக்கொண்டு எடுப்பதற்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்னு அப்புறம் தெரிந்துகொண்டேன்.

ஆனா என் இடது காது போய்விட்டது. சிகிச்சையின்போது பாதி கேட்டுக்கொண்டிருந்தது, இப்ப போன் பேச லாயக்கில்லை. கதிர் எடுத்தவர்களில் அஞ்சு வருஷத்தில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத்தான் உபயோகப்படுகிற அளவுக்குக் காது தங்குது, பத்து வருஷத்தில் அதுவும் குறையுதுன்னு முன்னாடியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். கதிரே எடுக்காமல் இருந்திருந்தால் காது தப்பித்திருக்குமான்னு எனக்கு ரொம்ப நாள் உறுத்தல். போன வருஷம் டாக்டரிடம் கேட்டேவிட்டேன். நார்வே நாட்டில் இதே மாதிரி சின்னக் கட்டி இருந்த 100 பேரைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்து, 50 பேருக்கு உடனே கதிர் கொடுத்து, 50 பேரைக் காத்திருக்க வைத்து, நாலு வருஷம் பார்த்திருக்கிறார்கள். 2023-ல் முடிவு வந்தது. கதிர் எடுத்தவர்களுக்குக் கட்டி சுருங்கியது. காது மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் குறைந்தது. அதைக் கேட்ட பிறகு என் மனசு ஆறியது. அதே நேரம், வளராத கட்டியோடு காத்திருப்பதும் தப்பில்லைங்கிறதும் அதிலேயே இருக்கு.

முகம் கோணுவது இப்போதைய அளவில் நூற்றில் ஒருத்தருக்கு அல்லது அதற்கும் குறைவு. சிலருக்குக் கன்னம் மரத்துப்போகும். கதிரால் பின்னாளில் கட்டி கெட்டதாக மாறுவது ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா இல்லவே இல்லைன்னு அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. சின்ன வயசுப் பெண்கள், கர்ப்பமாக இருக்கிறவர்கள், இருக்கலாமோன்னு சந்தேகம் உள்ளவர்கள் ஸ்கேனுக்கு முன்னாலேயே வாய் திறந்து சொல்லணும். வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது.

ஒற்றைக் காதோடு வாழ்வது பழகிவிட்டது. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரியாது, அதனால் ரோடு கடக்கும்போது தலையை இரண்டு பக்கமும் திருப்பித்தான் ஆகணும். கல்யாண மண்டபத்தில் மேளம் அடிக்கும்போது பேசினால் ஒன்றும் புரியாது. கொரோனா சமயத்தில் எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டபோதுதான், நான் பாதியை வாயைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தேன்னு எனக்கே தெரிந்தது. எங்க குழுவில் இப்ப வட்டமாக உட்காரும்போது இடதுபக்கச் சுவர் ஓரம் என் இடம். யாரும் அங்கே உட்கார மாட்டார்கள்.

போன மாசம் எங்க குழுவில் ஒரு வேலை செய்தோம். ஒரே போனை ஒவ்வொருத்தரும் வலது காதிலும் இடது காதிலும் வைத்துப் பார்த்தோம். இரண்டு பேருக்கு வித்தியாசம் இருந்தது. அனுப்பி வைத்தோம். ஒருத்திக்கு நிஜமாகவே அழுக்கு, எடுத்துவிட்டார்கள். இன்னொருத்திக்குச் சின்ன வயசில் சீழ் வடிந்து ஜவ்வில் ஓட்டை, அதற்கு வைத்தியம் நடக்குது. கட்டி யாருக்கும் இல்லை. ஒரு காது மந்தமானால் பெரும்பாலும் இந்த மாதிரிக் காரணம்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனா திடீர்னு ஒரு நாளில் ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே, மிஞ்சிப்போனால் மறுநாளே காது டாக்டரிடம் போய்விடுங்கள். அதற்கு மருந்து வேலை செய்கிற நாட்கள் கொஞ்சம்தான். எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்காராதீர்கள்.

எனக்கு அடுத்த ஸ்கேன் வருகிற டிசம்பரில். இன்னும் பல வருஷத்துக்கு எடுத்துக்கொண்டே இருக்கணும், இடைவெளி மட்டும் கூடும். ஸ்கேன் படங்களையெல்லாம் தேதி போட்டு, குழுவின் தீர்மானப் புத்தகம் வைக்கிற இரும்புப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டுப் பந்தியில் யாராவது இதைப் பற்றி என்னிடம் கேட்கணும்னா வலது பக்கமாக வாங்க. இடது பக்கம் வந்து கூப்பிட்டு நான் திரும்பவில்லைன்னா தோளில் தட்டுங்கள், கோபித்துக்கொண்டு போய்விடாதீர்கள்.